சுறா வாழும் நீரில் செயற்கை ஒளி

கடலின் அடியில் எடுக்கப்பட்ட சுறாவின் வண்ணப்படம் ஒன்றை நூல்களிலே காண்போர், அச்சுறாவும் அதன் அருகிலுள்ள முருகைக்கற்களும் அந்நிறங்களுடனேயே ஆண்டு விளங்கின என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. படம் எடுக்கப்பட்ட இடம் இருபது மீற்றர் ஆழமாயின், அங்கு நின்ற சுழியோடியின் கண்ணுக்குச் சுறா நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிழலாகவும், செந்நிற முருகை கருமை படிந்த கல்லாகவும் தோன்றியிருக்கும். படத்திலே காணும் செம்மையும் மஞ்சளும் சுழியோடி தன்னுடன் கொண்டுசென்ற விளக்கினால் ஒரு செக்கனின் மிகச் சிறு பகுதிக்கு மாத்திரம் உண்டாக்கப்பட்டவை. அவ்விளக்கு எவ்வாறு தொழிற்படுகின்றது, சுறாவின் அருகில் அதனை எங்ஙனம் கையாளுதல் வேண்டும், அவ்வொளியைச் சுறா எவ்வாறு ஏற்கின்றது என்பன ஈண்டு ஆராயப்படும். முதலிரண்டும் பௌதிகத்தின்பாற்பட்டன, மூன்றாவது உயிரியலின்பாற்பட்டது. படமெடுப்போருட் பலர் முன்னவற்றில் வல்லுநராயும் பின்னதிற் கல்லாதவராயும் இருத்தலினாலேயே இத்துறையிற் பல வழக்குகள் எழுந்துள்ளன.

ஞாயிற்றொளி பல நிறங்களின் சேர்க்கை என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. நீர் அந்நிறங்கள் யாவற்றையும் ஒரே அளவாக உறிஞ்சுவதில்லை. நீண்ட அலைநீளமுடைய சிவப்பு முதலில் மறைகின்றது. தெளிந்த கடலிலேயே ஐந்தாறு மீற்றர் ஆழத்தை அடைவதற்குள் அதன் பெரும்பகுதி அற்றுப்போகும். பின்னர்ச் செம்மஞ்சளும் அதன்பின் மஞ்சளும் மங்கும். நீலமே நெடுந்தூரம் செல்லவல்லது. ஆழத்திலே கையிற் காயமுற்ற சுழியோடி தன் குருதி பச்சையாகக் கசிதலைக் கண்டு திகைப்பது இதனாலேயாம்.

இங்கு மறத்தலாகாத ஒன்றுண்டு. நீர் நிறத்தை உறிஞ்சுவது மேலிருந்து கீழ்நோக்கி வரும் ஒளியில் மாத்திரமன்று. பக்கவாட்டிற் செல்லும் ஒளியிலும் அவ்வாறே உறிஞ்சும். விளக்கிலிருந்து புறப்படும் ஒளி சுறாவை அடைந்து, தெறித்து மீண்டு கமராவுக்கு வருதல் வேண்டும். சுறா இரண்டு மீற்றர் தொலைவில் நிற்பின் ஒளி செல்லும் வழி நான்கு மீற்றராகின்றது. அன்றியும் ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைதலின், ஒரு மீற்றரிற் கிடைக்கும் ஒளியின் காற்பங்கே இரண்டு மீற்றரிற் கிடைக்கும். ஆகவே எத்துணை வலிய விளக்காயினும் இரண்டு மீற்றருக்கு அப்பால் நிறத்தை மீட்டுத்தருதல் அரிது. சுறாவைப் படமெடுப்போன் அதன் அண்மையிற் செல்வது தன் வீரத்தைக் காட்டுதற்கன்று. நீரின் இயல்பே அவனை அங்குத் தள்ளுகின்றது. இதனோடு ஒளிமுறிவும் சேர்ந்து புதியவரை ஏமாற்றும். நீரிலே பொருள்கள் தம் உண்மைத் தூரத்தின் முக்காற்பங்கிலேயே நிற்பனபோலத் தோன்றும். ஆதலால் சுறா அணுகிவிட்டதென்று கருதி விசையை அழுத்தும் புதியவர், வீட்டுக்கு மீண்டு பார்க்கும்பொழுது நீலத் திரையில் ஒரு சாம்பற் கோட்டையே காண்பர்.

கடலுக்குள் ஒளியைக் கொண்டுசெல்லும் முயற்சி நெடிய வரலாறு உடையது. பிரான்சு நாட்டின் தென்கரையிலுள்ள பன்யூல்ஸ் என்னும் ஊரில், அராகோ ஆய்வுகூடத்தைச் சார்ந்த லூயி பூத்தான் என்னும் உயிரியலறிஞர் 1893 இல் கடலடிப் படங்களை எடுக்கத் தொடங்கினார். ஒட்சிசன் நிரப்பிய பெரிய மரப்பீப்பா ஒன்றின்மேற் கண்ணாடிக் குடுவையுள் மதுசார விளக்கொன்றை எரியவைத்து, இறப்பர்ப் பந்தினால் மகனீசியத் தூளை அச்சுடரின்மீது ஊதி ஒளி பெற்றார் அவர். 1926 இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அப்பாலுள்ள டிறை டோற்றுகாசுத் தீவுகளில், லோங்லி என்னும் விஞ்ஞானியும் சார்ள்ஸ் மார்ட்டின் என்னும் படப்பிடிப்பாளரும் முதலாவது கடலடி வண்ணப்படங்களை எடுத்தனர். நீர்மட்டத்தில் மிதந்த தெப்பமொன்றில் ஓர் இறாத்தல் மகனீசியத் தூளை வைத்து, கமராவின் விசையுடன் மின்கம்பியால் இணைத்து அதனை வெடிக்கச் செய்தனர். அம்முயற்சியில் ஒருமுறை தூள் முந்தி வெடித்து லோங்லி தீக்காயமுற்றார். அக்காலத்தில் ஒளியினால் துன்புற்றவன் படமெடுத்தவனேயன்றி மீனன்று என்று கூறலாம்.

இன்றுள்ள விளக்குக்கு வழிகாட்டியவருள் முதன்மையானவர் மசாசுசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்துப் பேராசிரியர் ஹரல்ட் எட்ஜெர்ட்டன் ஆவர். அவர் 1953 இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கூஸ்தோவின் கப்பலாகிய கலிப்சோவிற் சேர்ந்து ஆழ்கடலுக்கேற்ற மின்னொளிக் கருவிகளை அமைத்தார். மாலுமிகள் அவரைப் ‘பாப்பா பிளாஷ்’ என்று அன்புடன் அழைத்தனர். கூஸ்தோவும் லூயி மாலும் உருவாக்கி 1956 இல் வெளிவந்த ‘மௌன உலகம்’ என்னும் திரைப்படம், கையிலே தீப்பந்தம் ஏந்திய சுழியோடிகள் ஆழத்துக்கு இறங்கும் அழகிய காட்சியுடன் தொடங்குகின்றது. அதே படத்தில், கப்பலின் உந்தியில் அடிபட்ட திமிங்கிலக் கன்றின் உடலை உண்ண வந்த சுறாக்களை மாலுமிகள் கப்பலில் இழுத்து ஏற்றி அடித்துக் கொல்லுங் காட்சியும் உண்டு. கடலுக்கு விளக்கேந்திச் சென்றோர் அவ்விளக்கில் தாம் கண்டதைப் புரிந்துகொள்ளச் சில காலம் சென்றது.

‘ஸ்ட்ரோப்’ என்று சுழியோடிகள் வழங்கும் இக்காலக் கருவி, மின்னலைப்போல் ஒரு கணமே ஒளிர்வதாதலின் மின்னல் விளக்கு எனப்படத் தக்கது. மின்கலங்களிலிருந்து பெறும் மின்னைச் சில நூறு வோல்ற்று அழுத்தத்திற்கு உயர்த்திக் கொள்ளளவியொன்றிற் சேர்த்துவைத்து, விசை அழுத்தப்பட்டதும் செனன் வாயு அடைத்த கண்ணாடிக் குழாயூடாக அதனை ஒருங்கே பாயவிடுதலே இதன் தொழில். ஒளிர்வு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கனிலோ அதனினும் குறுகிய நேரத்திலோ முடிந்துவிடும். ஆதலின் விரைந்து திரும்பும் சுறாவின் வால்கூடப் படத்திற் கலங்காது நிற்கும். முழுவலுவுடன் ஒருமுறை ஒளிர்ந்த விளக்கு மீண்டும் ஆயத்தமாக ஒன்று முதல் மூன்று செக்கன் வரை செல்லும். சுறாவோ ஒரு செக்கனில் வந்து போய்விடும். எனவே அது தொலைவில் நேரே வரும்பொழுது ஒளியைச் செலவிடாது, பக்கந்திரும்பும் அக்கணத்துக்காகக் காத்திருப்பதே அனுபவசாலிகளின் வழக்கம். இதனின் வேறானது இடையறாது எரியும் விளக்கு. அது திரைப்படம் எடுப்பதற்கும் இருளில் வில்லையின் குவியத்தைச் சரிசெய்வதற்கும் பயன்படும். சுறாவைப் பொறுத்தமட்டில் இவ்விரு ஒளிகளும் ஒன்றல்ல என்பது பின்னர் விளங்கும்.

விளக்கை எங்கே வைப்பது என்பதே அடுத்த வினா. கமராவின் தலைமேல் அதனைப் பொருத்தினால், நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒவ்வொன்றும் ஒளியை நேரே வில்லைக்குத் தெறிக்கும். படத்திலே சுறா பனிமழையில் நிற்பதுபோற் காணப்படும். சுறாவுக்கு உணவிட்டு அழைக்கும் இடங்களில் மீன்துணுக்குகளும் கிளறப்பட்ட மணலும் நீரிற் கலந்திருத்தலின் இவ்விடர் மிகுதி. ஆகவே இரு விளக்குகளை நீண்ட கைகளிற் பூட்டி, கமராவின் இருபுறத்திலும் அகலவைத்து, அவற்றைச் சற்றே வெளிநோக்கித் திருப்புவர். ஒளிக்கூம்பின் நடு சுறாவின்மேற் படாது, அதன் ஓரமே படும். வில்லைக்கும் சுறாவுக்கும் இடையிலுள்ள நீர் இருண்டிருப்பதால் துகள்கள் தெரியா. விளக்கைச் சுறாவை நோக்கி நேரே திருப்பாதிருத்தல் படத்துக்கு நன்மை பயப்பது. அதுவே சுறாவின் கண்ணுக்கும் நன்மை பயப்பதாய் அமைந்தது தற்செயலான பேறாகும்.

சுறாவின் மேனி இன்னொரு சிக்கலைத் தருகின்றது. பெரும்பாலான சுறாக்களுக்கு முதுகு கருமை, வயிறு வெண்மை. மேலிருந்து நோக்குவோருக்கு இருண்ட ஆழத்துடனும், கீழிருந்து நோக்குவோருக்கு ஒளிமிக்க நீர்மட்டத்துடனும் ஒன்றிவிடுதற்கு ஏற்ற அமைப்பு இது. முதுகுக்குப் போதிய ஒளி கொடுத்தால் வயிறு வெளுத்து, செவுள் வெட்டுகளும் மறைந்துபோகும். வயிற்றுக்கு அளவாகக் கொடுத்தால் முதுகு இருளில் மூழ்கும். பகாமாத் தீவுகளிற் ‘புலிச்சுறாக் கடற்கரை’ எனப் பெயர்பெற்ற இடத்தில் இச்சிக்கல் ஒருவாறு தானே தீர்கின்றது. பெயர் அவ்வாறாயினும் அது கரையன்று. கரையிலிருந்து தொலைவில், ஏறக்குறைய ஆறு மீற்றர் ஆழத்திலுள்ள வெண்மணற்றிட்டு. ஞாயிற்றொளி அம்மணலிற் பட்டு மேல்நோக்கித் தெறித்துப் புலிச்சுறாவின் வயிற்றை விளக்குதலின், மின்னல் விளக்குக்கு அங்கு மிகச் சிறிய பணியே உண்டு. அவ்விடத்திலும் விளக்கை முழுவலுவில் எரியவிட்டு, வெளுத்த வயிறும் திறந்த வாயுமாய் ஒரு பூதத்தைப் படைத்துக்கொண்டு மீள்வோர் இல்லாமலில்லை.

இனி, இவ்வொளியைச் சுறா எவ்வாறு காண்கின்றது என்பதை நோக்குவோம். சுறாவின் விழித்திரைக்குப் பின்னே பளிங்குபோன்ற படலம் ஒன்றுண்டு. விழித்திரையை ஒருமுறை கடந்துசென்ற ஒளியை அது மீண்டும் விழித்திரைக்கே திருப்பியனுப்பும். இரவிற் பூனையின் கண் ஒளிர்வதும் இத்தகைய படலத்தாலேயே. மங்கிய ஒளியிற் பார்ப்பதற்கு இவ்வமைப்பு பெருந்துணை. கரையோரச் சுறாக்கள் பலவற்றில், பகலிற் கருநிறத் துகள்கள் பரவி இப்படலத்தை மூடிக்கொள்ளும். ஆனால் அம்மூடல் மெல்லவே நிகழ்வது. ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கனில் வந்து மறையும் ஒளிக்கு அது காவலாகமாட்டாது. 2011 இல் அவுஸ்திரேலியாவின் நேதன் ஹார்ட் முதலிய ஆய்வாளர் பதினேழு வகைச் சுறாக்களின் விழித்திரைகளை ஆராய்ந்தனர். பத்து வகைகளில் நிறமறியும் கூம்புக் கலங்கள் காணப்படவேயில்லை. ஏழு வகைகளில் ஒரேவகைக் கூம்புகளே காணப்பட்டன. நிறங்களை வேறுபடுத்தி அறிதற்குக் குறைந்தது இருவகைக் கூம்புகள் வேண்டுமாதலின், சுறாக்களுட் பல நிறக்குருடாயிருத்தல் கூடும். கடல் கவர்ந்துகொண்ட நிறங்களை மீட்டுத்தரப் படமெடுப்போன் இத்துணைப் பாடுபடுகின்றான். அந்நிறங்களோ அவன் படமெடுக்கும் உயிருக்குப் பொருளற்றவை. அது காண்பது வெளிச்சமும் இருளும், அவற்றிடையேயுள்ள வேறுபாடுமேயாம்.

கண்ணைவிட நுண்ணிய புலன் ஒன்று சுறாவின் மூக்கைச் சூழ்ந்துள்ளது. 1678 இல் இத்தாலியரான இலொரென்சினி, சுறா முதலியவற்றின் முகத்திற் பசை நிரம்பிய சிறு குழாய்கள் பலவற்றை விரித்துரைத்தார். அவற்றின் பயன் நெடுங்காலம் விளங்கவில்லை. 1971 இல் கல்மைன் என்னும் ஒல்லாந்த விஞ்ஞானி, மணலிற் புதைந்து கிடக்கும் மீனை அதன் உடலிலிருந்து எழும் மெல்லிய மின்புலத்தைக் கொண்டே சிறுசுறா கண்டறிகின்றது எனச் சோதனைகளால் நிறுவினார். ஒரு சதமமீற்றருக்கு ஒரு வோல்ற்றின் நூறு கோடியில் ஐந்து பங்கு அளவான மின்புலத்தையும் சுறா உணரவல்லது. மின்னல் விளக்கும் கமரா உறையும் வெவ்வேறு உலோகங்களால் ஆகியவை. உப்புநீரில் இரு வேறு உலோகங்கள் கூடின் மெல்லிய மின்னோட்டம் தோன்றும் என்பதைப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே காணலாம். சுறாக்கள் சுழியோடியை விட்டு, அவன் நீட்டிய விளக்கை மூக்கால் முட்டுவதும் சிலவேளை கடித்துப் பார்ப்பதும் இதனாலேயே எனக் கருதப்படுகின்றது. அத்தகைய படங்களைக் காண்போர் சுறாவின் வெறி என்பர். அது ஒருவகை ஆராய்வு என்பதே பொருத்தமாகும்.

அவ்வாறாயின் மின்னல் ஒளி சுறாவை அழைக்குமா, துரத்துமா? இவ்வினாவுக்கு ஒரே விடையில்லை. லோரா ரயன் முதலிய அவுஸ்திரேலிய ஆய்வாளர் 2018 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தொட்டிகளில் வைக்கப்பட்ட இரு சிறுவகைச் சுறாக்கள் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கைக் கண்டு இரையை நெருங்கத் தயங்கின. தென்னாபிரிக்காவின் மொசல் குடாவில் பெரு வெண்சுறாக்களின்முன் அதே விளக்கை ஒளிரவிட்டபொழுது, ஒளி மாத்திரம் அவற்றைச் சற்றும் தடுக்கவில்லை. 2024 இல் அதே குடாவில் மக்குவாரிப் பல்கலைக்கழக ஆய்வாளர் வேறொரு சோதனையை நடத்தினர். கடல்நாய் வடிவில் அமைந்த மிதவைகளின் அடிப்பக்கத்தில் இடையறாது எரியும் விளக்குகளைப் பொருத்தி இழுத்துச் சென்றபொழுது, வெண்சுறாக்கள் அவற்றைத் தாக்குதல் பெரிதுங் குறைந்தது. கீழிருந்து நோக்கும் சுறாவுக்கு, வானொளியின் பின்னணியில் இரையின் கருநிழலே அடையாளம். அந்நிழலை ஒளிக்கோடுகள் துண்டாடிவிட்டன. சுறாவின் வகை, ஒளியின் தன்மை, அது வரும் திசை ஆகிய மூன்றையும் விடுத்து “சுறா ஒளிக்கு அஞ்சும்” என்றோ “ஒளியை நாடும்” என்றோ பொதுப்படக் கூறுதல் பிழையாகும்.

இரவிலே இது இன்னும் தெளிவாக விளங்கும். முற்காலத்தில் மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நிகழும்பொழுது, சுறாவின் வாயைக் கட்டுதற்குக் ‘கடற்கட்டி’ எனப்படும் மந்திரவாதி கரையில் அமர்ந்திருப்பான். அவனுடைய மந்திரம் பகலில் மாத்திரமே செல்லும் என்றும், மாலையில் அவன் கட்டை அவிழ்த்துவிடுவான் என்றும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழி சென்ற மார்க்கோ போலோ எழுதியுள்ளார். இரவிற் களவாகக் குளிப்போரைத் தடுக்கும் உபாயமாகவும் அது இருந்திருக்கலாம். எனினும் பல சுறாக்கள் இரவிலேயே இரை தேடுவன என்ற உண்மை அதனுட் பொதிந்துள்ளது. கொஸ்டாரிக்கா நாட்டுக்குச் சொந்தமான கோகோஸ் தீவின் அருகே மனுவேலித்தா என்னுமிடத்தில், வெண்ணுனிச் சுறாக்கள் இரவில் நூற்றுக்கணக்கிற் கூடி முருகைக்கல்லின் இடுக்குகளில் மீன்களைத் தேடும். சுழியோடிகளின் கைவிளக்கு எங்கே திரும்புகின்றதோ அங்கே அவை விரையும். ஒளியில் அகப்பட்டுத் திகைத்த மீன் அக்கணமே இரையாகும். விளக்கேந்தியவன் பார்வையாளனாக இறங்கி வேட்டைக்குத் துணைவனாகின்றான். அவன் கொண்டுசென்ற ஒளி சுறாவை ஒன்றுஞ் செய்யாதிருக்கலாம். ஆயின் மீனின் உயிரை அது தீர்மானித்துவிட்டது. அண்டை நாடாகிய மாலைதீவிலும் இரவிற் படகின் பின்புறத்தில் வலிய விளக்குகளை எரியவிடுவர். ஒளியை நாடிக் கூடும் நுண்ணுயிர்களை உண்ணத் திமிங்கிலச்சுறா மேலெழுந்து வரும். இங்கு ஒளி அழைப்பது நுண்ணுயிரையே. சுறா தன் உணவைத் தொடர்ந்து வருகின்றது.

இதற்கு மறுதலையான நிலை பிலிப்பைன்சு நாட்டின் செபு மாகாணத்தைச் சேர்ந்த மலபாஸ்குவா என்னும் சிறுதீவிற் காணப்படுவது. உடலளவுக்கு நீண்ட வாலையும் மிகப் பெரிய கண்களையும் உடைய நீள்வாற் சுறாக்கள், அத்தீவுக்கு அப்பாலுள்ள கடலடி மேடுகளுக்கு விடியற்காலையில் ஆழத்திலிருந்து ஏறிவரும். அங்குள்ள சிறுமீன்கள் அவற்றின் மேனியிலும் செவுளிலும் உள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தி அகற்றும். சுறா அதற்காகவே வேகத்தைத் தணித்து வட்டமிடும். ஆழத்தின் இருளுக்குப் பழகிய அக்கண்களின்முன் மின்னல் விளக்கு ஒளிர்ந்தால் சுறா திரும்பிச் சென்றுவிடக்கூடும்; அன்றைய துப்புரவும் அதனுடன் முடிந்துபோம். ஆகையால் அங்கே மின்னல் விளக்கும் கைவிளக்கும் தடுக்கப்பட்டுள்ளன. சுறாவைக் காண வருவோராற் கிடைக்கும் வருவாயே தீவினர் பலரின் சோறு. ஒருவன் எடுக்கும் ஒரு படத்துக்காக, அன்று அவனுடன் இறங்கிய ஏனையோர் வெறுங்கடலைப் பார்த்து மீளவேண்டி நேரலாம். தடை கடுமையானதன்று, நியாயமானதே.

படமெடுப்போர் தரப்பிலும் நியாயமுண்டு. கடற்குதிரை முதலிய சிறுமீன்களை ஆராய்ந்து 2019 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, மின்னல் ஒளியினால் அவற்றின் கண்ணமைப்பில் ஊறு காணப்படவில்லை என்றும், கையால் தொட்டு அலைத்தலே அவற்றை மிகுதியாகத் துன்புறுத்தியது என்றும் கூறுகின்றது. இதனைச் சான்றாகக் காட்டிச் சுறாவுக்கும் தீங்கில்லை என வாதிடுவோர், கடற்குதிரையின் கண் வேறு, இருளில் வாழும் சுறாவின் கண் வேறு என்பதை மறக்கின்றனர். கண் கெடாதிருத்தல் ஒன்று. உயிர் தன் தொழிலைக் கலக்கமின்றிச் செய்தல் மற்றொன்று. மலபாஸ்குவாவின் விதி இரண்டாவதையே கருதியது.

கருவிகளின் வளர்ச்சியும் வழக்கின் கூர்மையைத் தணித்துள்ளது. மகனீசியத் தூளை எரித்த காலத்தில் படத்தட்டின் உணர்திறன் மிகக் குறைவு. இன்றைய எண்முறைக் கமராவோ, விடியலின் மங்கிய நீல ஒளியிலும் விளக்கின்றிப் படமெடுக்கவல்லது. நிறம் குறையும், மணிகள் தூவினாற்போற் படம் சற்றுக் கரடுமுரடாகும். ஆயினும் அச்சுறாவை நேரிற் கண்டவர் கண்டது அந்நீலத்தையேயாதலின், அப்படம் பொய்யன்று.

1970 தொடக்கம் அரை நூற்றாண்டுக்குள் பெருங்கடற் சுறாக்களினதும் திருக்கைகளினதும் தொகை 71 சதவீதம் குறைந்துவிட்டது என 2021 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று கணித்தது. மிகை மீன்பிடியே அதன் காரணம். எஞ்சியவற்றை எண்ணுதற்கும் அடையாளங் காண்பதற்கும் நிழற்படம் இன்று பெருங்கருவியாக உள்ளது. திமிங்கிலச்சுறாவின் விலாவிலுள்ள வெண்புள்ளிகள், மனிதனின் விரல்ரேகைபோல் ஒன்றற்கொன்று வேறானவை. வானியலார் விண்மீன்களின் அமைப்பை ஒப்பிடுதற்கு வகுத்த கணித முறையொன்றை 2005 இல் அப்புள்ளிகளுக்குப் பொருத்தி, ஒரே சுறா வெவ்வேறு ஆண்டுகளில் வந்ததனை அறிய வழிகண்டனர். மேற்கு அவுஸ்திரேலியாவின் நிங்கலூக் கரையில், ஆண்டுதோறும் வரும் இச்சுறாக்களுடன் நீந்துவோர் எடுக்கும் படங்களும் அவ்வொப்பீட்டுக்குப் பயன்படுகின்றன. அங்கு மின்னல் விளக்கைப் பயன்படுத்தலாகாது என்பது விதி. சுறா நீர்மட்டத்தை ஒட்டி நீந்துதலின், இடப்புற விலாவில், செவுளுக்குச் சற்றுப் பின்னாலுள்ள புள்ளிகளைப் பதிவதற்கு ஞாயிற்றொளியே போதியதாகின்றது.